ஐ.பி. படத்தில் சிவப்பு தெரிந்தால் அடியில் செம்பு இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெந்தகாப் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தம்பிகள் சிலர் பகாங் காடுகளில் நடக்கும் கனிம சர்வேக்களுக்கு லைன் வெட்டவும் கேபிள் இழுக்கவும் போய் வருகிறார்கள். வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் வண்ணப் படம் ஒன்றை வாட்சாப்பில் தட்டிவிடுவார். அப்புறம் கேள்விகள் தொடங்கிவிடும். கேபிள் இழுத்த தம்பிகள் ஒரு பக்கம் கேட்பார்கள். பங்கு வாங்கலாமா என்று யோசிக்கும் பெரியவர்கள் இன்னொரு பக்கம் கேட்பார்கள். சர்வே எண்களைப் படமாக்கி, துளை போடும் இடத்தைக் குறித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் எல்லாம் என்னிடம்தான் வந்து சேர்கிறது. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, படத்தில் நடுவே நல்ல சிவப்பு. அங்கேதானே செம்பு?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐ.பி. (இண்டியூஸ்டு போலரைசேஷன்) கருவி செம்பைத் தேடுவதில்லை. தரைக்குள் மின்சாரத்தை விட்டு, சட்டென்று நிறுத்தி, மின்னழுத்தம் எப்படி வடிகிறது என்று அளக்கிறது. பாறைக்குள் உலோகத் தன்மையுள்ள துகள்கள் சிதறிக் கிடந்தால் அவற்றின் மேற்பரப்பில் மின்னூட்டம் தேங்கும். மின்சாரம் நின்ற பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். அந்தத் தேக்கத்தின் அளவைத்தான் சார்ஜபிலிட்டி என்று படத்தில் போடுகிறோம். செம்புத் தாதுவான சால்கோபைரைட்டும் தேக்கும். இரும்பும் கந்தகமும் மட்டுமே உள்ள பைரைட்டும் அதேபோலத் தேக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், காசுதான் வேறு.

போர்ஃபிரி வகைச் செம்புப் படிவங்களில், அதாவது பெரிய பாறைத் திரளுக்குள் தாது துகள் துகளாகச் சிதறிக் கிடப்பவற்றில், இது பெரிய வம்பாகிவிடும். 1970-இல் லோவெல், கில்பர்ட் என்ற இரண்டு புவியியலாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள சான் மானுவேல்–கலமாசூ படிவத்தை வைத்து ஒரு மாதிரி வரைந்தார்கள். இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் இன்றும் அதைத்தான் முதலில் படிக்கிறோம். அதன்படி செம்பு அதிகமாக இருப்பது உட்பகுதியிலும் அதைச் சுற்றிய ஓட்டிலும். அதற்கும் வெளியே பைரைட் மிகுந்த ஒரு வளையம் இருக்கும். மொத்தச் சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த உலோகக் கனிமம்) அதிகம் உள்ள இடம் அந்த வெளி வளையம் என்பதால் சார்ஜபிலிட்டியும் அங்கேதான் உச்சத்துக்குப் போகும். படத்தில் மிகச் சிவந்த இடத்தைப் பார்த்துத் துளை போட்டால், பளபளவென்று பெட்டி பெட்டியாகப் பைரைட் வரும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் சிவப்பு ஒரு வளையமாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால் என் கண் முதலில் அதன் உள்விளிம்புக்குப் போகும். சார்ஜபிலிட்டி நடுத்தரமாக இறங்கும் அந்த இடத்திலேயே காந்தப் படமும் ஏதாவது சொல்கிறதா, மேல்மண்ணில் செம்பு கூடுதலாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால் அது பேச வேண்டிய இடம். ஆனால் எல்லாப் படிவமும் மாதிரியில் உள்ளபடி இருப்பதில்லை. மேற்பகுதி எவ்வளவு அரித்துப் போயிருக்கிறது, பிற்காலப் பிளவுகள் அதை எப்படிச் சாய்த்துவிட்டன என்பதைப் பொறுத்து வளையம் பாதியாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். சொல்லப்போனால் சான் மானுவேலும் கலமாசூவும் ஒரே படிவம் பிளவால் இரண்டாகப் பிரிந்து விலகியவைதான்.

பைரைட்டைத் தவிர வேறு எது சிவப்புக் காட்டும்?

நம் பக்கத்தில் முதல் சந்தேகம் கார்பன் கலந்த கறுப்பு ஷேல் (சேறு இறுகி உண்டான அடுக்குப் பாறை) மேல்தான். கிராஃபைட் ஆகிவிட்ட கரிமப் பொருள் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும், மின்னூட்டத்தையும் தேக்கும். மெந்தகாப்புக்கும் தெமர்லோவுக்கும் இடையே சாலை வெட்டிய சரிவுகளில் கருஞ்சாம்பல் அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அது டிரயாசிக் காலத்துச் செமந்தான் பாறைத்தொகுதி. ஷேலும் எரிமலைச் சாம்பல் பாறையும் மாறி மாறி வரும், ஷேலில் கார்பனும் உண்டு. இப்படிப்பட்ட பாறைக்கு மேல் ஐ.பி. லைன் போட்டால் அடுக்கின் போக்கிலேயே நீளமாக ஒரு சிவப்புப் பட்டை வரும். ரெசிஸ்டிவிட்டியும் (பாறை மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) அங்கேயே விழுந்திருக்கும். பட்டை நீளமாக, அடுக்குக்கு இணையாக, ரெசிஸ்டிவிட்டி மிகக் குறைவாக இருந்தால் ஷேல் என்று வைத்துக்கொண்டு, அது இல்லை என்று காட்டத்தான் ஆதாரம் தேடுவேன்.

அடுத்தது மனிதர்கள் போட்டு வைத்தவை. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, யானையையும் காட்டுப்பன்றியையும் தடுக்கச் செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி இழுத்த வேலி எல்லாம் இதில் சேரும். தரையில் ஊன்றிய இரும்பு வேலி நம் மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு இன்னோர் இடத்தில் விடும். அது படத்தில் அனாமலியாக, அதாவது சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட இடமாக வரும். வரைபடத்தில் வேலியின் கோட்டைப் போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். லைன் லைனாக அந்த அனாமலி வேலியோடேயே நகர்ந்து போகும்.

களிமண்ணும் கொஞ்சம் காட்டும், ஆனால் வழக்கமாக மிதமாகத்தான்.

முக்கோணமாக ஒரு படம், செவ்வகமாக ஒரு படம் கொடுத்தார்கள். எது உண்மை?

முக்கோணமாக, தலைகீழாக இருப்பது போலிக் குறுக்குவெட்டு. அளந்த எண்களை ஓர் ஒழுங்கில் அடுக்கி வைத்தது, அவ்வளவே. மின்முனைகளுக்கு நடுவிலிருந்து 45 பாகையில் இறக்கிய கோடுகள் சந்திக்கும் இடத்தில் எண்ணைப் போடுவார்கள். அந்த இடத்தில்தான் பாறை அப்படி இருக்கிறது என்று பொருள் இல்லை. மேலே சின்னதாக ஏதாவது ஒன்று இருந்தாலே இரண்டு கால் விரித்த மாதிரி சிவப்பு இறங்கும். கால்களைப் பார்த்து இரண்டு நரம்பு (பாறைப் பிளவில் நிரம்பிய தாதுப் பட்டை) இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

செவ்வகமாக வருவது இன்வெர்ஷன். அளந்த எண்களுக்குப் பொருந்தும்படி ஒரு நிலத்தடி மாதிரியைக் கணினி உருவாக்குகிறது. உலகம் முழுவதும் இதற்குப் பலர் பயன்படுத்தும் ரெஸ்2டின்வ் என்ற மென்பொருள் நம் பினாங்கில் லோக் மெங் ஹெங் எழுதியது. 1996-இல் அவரும் பார்க்கரும் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. கோலாலம்பூரில் நடக்கும் கூட்டங்களில் வெளிநாட்டு ஆலோசகர் இந்தப் படத்தைக் காட்டும்போது இது நம்மூர்ச் சரக்கு என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் இன்வெர்ஷனும் ஒரே விடையைத் தருவதில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றுகொண்டு, வாளியின் மொத்த எடையை மட்டும் பார்த்து, எந்த ரப்பர் மரம் எவ்வளவு பால் கொடுத்தது என்று சொல்லச் சொன்னால் எப்படி? பல விடைகள் அந்த எடைக்குப் பொருந்தும். கணினி அவற்றில் வழுவழுப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைகிறது. அதனால்தான் கூரான விளிம்பு கொண்ட நரம்புகூடப் படத்தில் உருண்டையாக, வீங்கிப்போய்த் தெரியும். பிழை சதவீதம் குறைவு என்பது, கணினியின் மாதிரி அளந்த எண்களோடு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான் சாட்சி, பாறையோடு ஒத்துப்போகிறது என்பதற்கு அல்ல. ஒரே தரவை இரண்டு மூன்று விதமான தொடக்க அனுமானத்தோடு ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிற்கிற சிவப்பை நம்பலாம். ஒன்றில் மட்டும் வந்து மற்றதில் காணாமல் போகிற சிவப்புக்கு டிரில் மெஷின் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

எவ்வளவு ஆழம் வரை நம்பலாம்?

மின்முனை இடைவெளியைக் கேளுங்கள். டைபோல்–டைபோல் (மின்முனைகளை ஜோடி ஜோடியாக வைக்கும்) அமைப்பில் 50 மீட்டர் இடைவெளி, 6 அடுக்கு என்றால், கடைசி அடுக்கின் சராசரி ஆழம் ஏறக்குறைய 85 மீட்டர்தான். 100 மீட்டர் இடைவெளியில் அது 170 மீட்டரைத் தொடும். 50 மீட்டர் இடைவெளியில் அளந்துவிட்டு 300 மீட்டர் ஆழத்தில் ஒரு சிவப்பு உருண்டை காட்டினால், அதைக் காட்டியவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

நம் வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கல். மழையும் வெயிலும் சேர்ந்து பாறையைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் களிமண்ணாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் படுகை மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தன் வழியே ஓடவிடும். அடிப்பாறைக்குப் போய்ச் சேர்வது மிச்சம்தான். அதோடு மேல்பகுதியில் சல்ஃபைடு துருப்பிடித்துப் போயிருக்கும், அங்கே ஐ.பி. காட்ட ஒன்றும் இருக்காது.

காந்தப் படத்தில் நீலம் விழுந்திருக்கிறது. காந்தக் கல் இல்லை என்றுதானே அர்த்தம்?

இதில் வெளியூரிலிருந்து வந்த அனுபவசாலிகள்கூடத் தடுமாறுவார்கள். ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ மேக்னடைட் என்ற காந்தக் கல் நிறைந்த பாறைக்கு மேல் பெரிய சிவப்பு மேடு வரும், கூடவே ஓரத்தில் சின்ன நீலம். தீபகற்ப மலேசியா காந்த நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, மிக அருகில் இருக்கிறது. இங்கே பூமியின் காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் ஓடுகிறது. அதனால் காந்தப் பாறைக்கு நேர்மேலே எண் குறையும், வடக்கிலும் தெற்கிலும் கூடும். அதாவது நீலம்தான் பாறை இருக்கும் இடம். சிவப்பைத் தேடிப் போனால் பாறையை விட்டுவிட்டுப் பக்கத்தில் குத்திய மாதிரி ஆகும்.

இதைச் சரிசெய்ய, துருவத்தில் அளந்ததுபோல் கணக்கை மாற்றும் வழி ஒன்று உண்டு. ஆனால் நம் அட்சரேகையில் அந்தக் கணக்கு நிலை குலையும். படம் முழுக்க வடக்கு–தெற்காகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கோடுகளை யாரோ பிளவு என்று குறித்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக அனலிட்டிக் சிக்னல் (புலத்தின் திசையை அவ்வளவாகச் சாராத இன்னொரு கணக்கு) போடலாம், அல்லது நேரடியாக முப்பரிமாண இன்வெர்ஷனுக்குப் போகலாம். இன்னொன்று: வடக்கு–தெற்காக நீண்டு கிடக்கும் பாறை இங்கே காந்தத்தில் சரியாகத் தெரியாது. அதன் இரண்டு முனைகளில் மட்டும் ஏதோ தட்டும். பகாங்கில் பாறை அடுக்குகள் பலவும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் ஓடுகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

அளக்கும் நாளிலும் கவனம் வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் நண்பகல் நேரத்தில் புலம் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். அடிமுகாமில் ஒரு கருவி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால்தான் அதைக் கழிக்க முடியும். இடுப்பில் பாராங் கத்தி, பையில் கைப்பேசி, காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் இவற்றோடு கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அன்றைய தரவு குப்பைக்குத்தான்.

காந்தம் செம்போடு சேர்ந்து வருமா என்றால், சில இடங்களில் வரும். பகாங்கின் மெங்காப்பூர் ஸ்கார்ன் வகைப் படிவம். சுண்ணாம்புப் பாறையில் சூடான திரவம் புகுந்து உண்டானது. அங்கே செம்போடு பைரோடைட்டும் மேக்னடைட்டும் இருக்கின்றன, இரண்டும் காந்தத்துக்குப் பதில் சொல்பவை. ஆனால் ஒரு சாதாரண பசால்ட் டைக் (பிளவில் ஏறிச் சுவர்போல இறுகிய எரிமலைக் குழம்பு) கூட அதே பதிலைத்தான் சொல்லும்.

இ.எம். சர்வேயும் செய்தார்களே, அது எதற்கு?

இ.எம். என்றால் மின்காந்த சர்வே. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் திரண்ட சல்ஃபைடைத் தேடுவதற்கு. தாசிக் சினி பக்கம் உள்ள புக்கிட் போத்தோல் போன்ற எரிமலைப் பாறைப் படிவங்களுக்கு அது பொருந்தும். போர்ஃபிரியில் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடப்பதால் இ.எம். அநேகமாகக் கண்டுகொள்ளாது, அதற்கு ஐ.பி.தான்.

சரி, இத்தனையும் வைத்துக்கொண்டு முதல் துளையை எங்கே போடுவீர்கள்?

புவியியல் வரைபடமும் மண் மாதிரியும் இல்லாமல் எங்கேயும் போட மாட்டேன். மலேசியாவின் ஒரே பெரிய செம்புச் சுரங்கமான மாமுட், சபாவில் ரானாவுக்கு அருகே கினபாலு மலைச் சரிவில் 1975 முதல் 1999 வரை ஓடியது. 1960-களில் அதைக் கண்டுபிடிக்க முதல் துப்புக் கொடுத்தது ஆற்று மணல்தான். மணலில் செம்பு எங்கே கூடுகிறது என்று ஆற்றின் மேல்நோக்கிப் போய்ப் பிடித்தார்கள். ஜியோபிசிக்ஸ் (ஐ.பி., காந்தம் போன்ற இந்தச் சர்வேக்கள்) இந்த வரிசையில் பின்னால் வர வேண்டியது.

இடம் முடிவானால், குறைந்தது இரண்டு பக்கத்து லைன்களிலாவது அனாமலி தெரிய வேண்டும் என்று பார்ப்பேன். ஒரே லைனில் மட்டும் வந்தது அந்த லைனுக்கு வெளியே பக்கவாட்டிலும் கிடக்கலாம். பாறையின் சாய்வுக்குக் குறுக்காக, பொதுவாகக் கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்வில் துளை இறங்க வேண்டும். அனாமலியைத் தொட்டதும் நிறுத்தாமல் மறுபக்கம் வெளியேறும் வரை போக வேண்டும்.

இதெல்லாம் காகிதத்தில். களத்தில் என்ன நடக்கும்? மழை பெய்து பாதை சேறாகிவிடும். டிரில் மெஷினை மேலே ஏற்ற முடியாது. தோட்டப் பாதை ஓரத்தில் ஏற்கனவே சமமாக ஓர் இடம் இருக்கும். "இங்கேயே வைத்துக்கொள்ளலாமே, 60 மீட்டர்தானே தள்ளிப் போகிறது" என்பார் ஒப்பந்தக்காரர். துளை அனாமலிக்கு மேலேயோ பக்கத்திலேயோ போய்விடும். பிறகு "அங்கே ஒன்றுமில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

துளை போட்டாயிற்று, செம்பு வரவில்லை. பணம் போச்சா?

நான் கேட்கும் கேள்வி வேறு: அந்த அனாமலிக்குக் காரணம் கோரில் (துளையிலிருந்து எடுத்த பாறை உருளையில்) கிடைத்ததா? இதற்குப் பதில் தெரியாதவரை அந்தத் துளை வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

கோர் பெட்டியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்வெர்ஷன் 110 முதல் 160 மீட்டர் வரை சிவப்புக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். அந்த மீட்டர்களில் என்ன இருக்கிறது? மஞ்சளாக மின்னுவதைப் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். சால்கோபைரைட் கீறுபடும், நிறமும் பித்தளைபோல அடர்த்தியாக இருக்கும். பைரைட் கத்திக்கு மசியாது, மஞ்சளும் வெளிறியது. வெண்கல நிறத்தில் இருந்து காந்தப் பென்சிலை இழுத்தால் பைரோடைட். கையடக்கக் கருவியால் ஒவ்வொரு மீட்டருக்கும் காந்த ஏற்புத்திறன் எடுத்து எழுதுங்கள். சில துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அவற்றின் சார்ஜபிலிட்டியையே அளக்கச் சொல்லுங்கள். பலர் மிச்சம் பிடிப்பது இந்தச் செலவில்தான். அடுத்த துளைகளின் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

பைரைட் 5 சதவீதம், படம் சொன்ன ஆழத்திலேயே வந்திருக்கிறது என்றால் அனாமலி விளக்கப்பட்டுவிட்டது. அதுவே ஒரு செய்தி. அந்தப் பைரைட் எந்த மாதிரி மாற்றமடைந்த பாறையில் உட்கார்ந்திருக்கிறது, வெளி வளையமா, உள்ளே போக இன்னும் இடம் இருக்கிறதா என்று படிக்கலாம். கறுப்பு ஷேல் வந்தால், அந்தப் பட்டையில் உள்ள மற்ற இலக்குகளையும் சேர்த்துப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கோர் முழுக்க வெறும் சாம்பல் நிறப் பாறை, ஒன்றுமே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். துளை விலகிப் போயிருக்கலாம். 300 மீட்டர் துளை 5 பாகை பிசகினால் அடியில் 26 மீட்டர் தள்ளி நிற்கும். திசையைக் காந்த ஊசி கொண்ட கருவியால் அளந்திருந்து, பாறையில் மேக்னடைட்டும் இருந்தால் அந்த அளவையே நம்ப முடியாது; காந்தத்தைச் சாராத ஜைரோ கருவி வேண்டும். அல்லது மாதிரியே தவறாக இருக்கலாம், அனாமலி லைனுக்குப் பக்கவாட்டில் இருக்கலாம். துளையிலிருந்து கிடைத்த உண்மையை உள்ளே கொடுத்து இன்வெர்ஷனைத் திரும்ப ஓட்டுங்கள். பழைய படத்தையே கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது துளைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோர் பச்சையாக இருக்கிறது. செம்புதானே?

மேல்பகுதியில், துருப்பிடித்த இடத்தில் பளிச்சென்ற பச்சை என்றால் மாலகைட்டாக இருக்கலாம், அது செம்புதான். ஆழத்தில் மங்கிய பச்சை என்றால் பெரும்பாலும் குளோரைட்டோ எபிடோட்டோ. அவற்றில் செம்பு கிடையாது.

ஒரு கம்பெனி "வலுவான சார்ஜபிலிட்டி அனாமலி" என்று அறிவித்திருக்கிறது. பங்கு வாங்கலாமா, தம்பி?

பங்கு ஆலோசனை என்னிடம் கேட்காதீர்கள், ஐயா. அறிவிப்பைப் படிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வண்ண அளவுகோல். சிவப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது? சுற்றுப்புறம் வோல்ட்டுக்கு 8 மில்லிவோல்ட், சிவப்பு 11 என்றால் அது வண்ணத்தை இழுத்துவிட்ட வேலை. சுற்றுப்புறம் 5, அனாமலி 40 என்றால் அடியில் ஏதோ இருக்கிறது, என்ன என்பது வேறு விஷயம். அளவுகோலே இல்லாத படத்தைத் தள்ளி வையுங்கள்.

துளை முடிவு வந்திருந்தால், சொன்ன நீளம் துளையின் வழியே அளந்ததா, உண்மையான அகலமா என்று பாருங்கள். நரம்புக்கு இணையாகச் சரிந்து போன துளையில் 40 மீட்டர் என்று வருவது நேரில் 12 மீட்டராக இருக்கலாம். செம்பு 0.4 சதவீதம் என்றால் ஒரு டன் பாறையில் 4 கிலோ. திறந்தவெளிச் சுரங்கமாக, பெரிய அளவில் இருந்தால்தான் அது காசாகும். எக்ஸ்-கதிரால் உலோக அளவைக் காட்டும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை ஒரு புள்ளியில் வைத்து எடுத்த எண்ணை ஆய்வுக்கூட முடிவோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆஸ்திரேலியச் சந்தை என்றால் ஜோர்க் விதிப்படியும், கனடா என்றால் 43-101 விதிப்படியும் பொறுப்பேற்கும் நிபுணரின் பெயர் இருக்க வேண்டும். அது இல்லாத தாள் விளம்பரம்தான்.

எங்கள் நிலத்துக்கு அடியில் இருந்தால் எங்களுக்குச் சொந்தமா?

இல்லை. நிலப் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அடியிலுள்ள கனிமம் மாநில அரசுடையது. ஆய்வு உரிமமும் மாநிலம்தான் தரும். நிலத்துக்குள் நுழைய, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு பெற என்று தனி நடைமுறைகள் உண்டு. கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலும் கணிதமும் பிடித்திருந்தால் பினாங்கு யூ.எஸ்.எம்.மில் ஜியோபிசிக்ஸ். பாறையைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பாங்கி யூ.கே.எம்.மிலோ புவியியல். 2008-ஆம் ஆண்டின் புவியியலாளர் சட்டப்படி பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும்.

நான் லைன் வெட்டத்தான் போகிறேன். படம் சரியாக வர நான் என்ன செய்ய முடியும், அண்ணே?

நிறைய. மின்முனையைக் குறித்த இடத்தில் ஊன்ற முடியாமல் ஓடைக்காக 8 மீட்டர் தள்ளி வைத்தால், அதை அப்படியே நோட்டில் எழுது. லைன் வேலியைக் கடக்கும் இடம், குழாய், கைவிட்ட ஈய லம்பத்தின் (வெள்ளீயச் சுரங்கத்தின்) குழி, கறுப்புக் கல் தலைகாட்டும் இடம் எல்லாவற்றையும் எந்த மீட்டரில் என்று குறித்து வை. கைப்பேசியில் ஒரு படமும் எடு. காந்தக் கருவி பக்கத்தில் இருந்தால் அது போன பிறகு எடு. அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைப் படிப்பவருக்கு இந்தத் தகவல் வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

அப்புறம் ஒன்று. ஐ.பி. டிரான்ஸ்மிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தரைக்குள் தள்ளும், சில கருவிகள் ஆயிரத்தையும் தாண்டும். வாக்கி-டாக்கியில் "ஆஃப்" என்று கேட்டு, நீயும் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகுதான் கரண்ட் முனையைத் தொட வேண்டும். மழை வந்தால், இடி கேட்டால், கேபிளை அப்படியே போட்டுவிட்டு விலகிவிடு.